பராநகரின் குளிரறையும் சாந்தினிச் சந்தையின் பசையும்

இந்தியக் கணினி வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கல்கத்தாவில்தான் தொடங்குவர். 1955-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற்கு இங்கிலாந்திலிருந்து எச்.இ.சி-2எம் கணினி வந்து சேர்ந்தது. மகலனோபிஸ் ஐந்தாண்டுத் திட்டக் கணக்கீடுகளுக்கு அத்தகைய இயந்திரத்தை நாடியிருந்தார். ஆண்ட்ரூ பூத் வகுத்த வடிவமைப்பு, 1024 சொற்கள் கொள்ளும் காந்த உருளை நினைவகம் ஆகியவற்றை நூல்கள் விவரிக்கின்றன. அந்த இயந்திரம் வெளியிட்ட வெப்பம் எங்கே போயிற்று என்ற கேள்வியை அவை எழுப்புவதில்லை.

அது வால்வுகளால் இயங்கிய இயந்திரம். வால்வுக்கு வெப்பம் குறையன்று; உள்ளிருக்கும் கேத்தோடு சூடேறினால்தான் எலெக்ட்ரான்கள் வெளிப்படும். அந்த வெப்பம் பெரிய அடுக்குகளில் பரவிக் காற்றில் கலந்தது. கல்கத்தாவின் வைகாசிக் காற்று அதை வாங்கிக்கொள்ளும் நிலையில் இருப்பதில்லை. எனவே அறையையே குளிர்விக்க வேண்டியிருந்தது. கணினியைக் குளிர்விப்பது அன்று கட்டடத்தின் வேலை, செலவு நிறுவனத்தினுடையது. இங்கிலாந்தில் பயிற்சி பெற்றுத் திரும்பி அவ்வியந்திரத்தை இயங்கச் செய்த மோகி முகர்ஜி, அமரேஷ் ராய் ஆகியோரின் பெயர்களாவது எஞ்சியுள்ளன. குளிரூட்டியைப் பராமரித்தவர்களுக்கு அந்தப் பேறும் இல்லை.

டிரான்சிஸ்டர் வந்தபின் நிலைமை மாறியது. இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகமும் இணைந்து உருவாக்கிய இசிஜு-1, 1966-இல் செயற்பாட்டுக்கு வந்தது. டிரான்சிஸ்டர் மொத்தத்தில் குறைந்த மின்சாரத்தையே உண்டது. ஆனால் ஆற்றல்மிகு டிரான்சிஸ்டர்களில் வெப்பம் சிறு புள்ளியில் குவிந்தது. அதை வெளியேற்ற உலோகத் தகட்டின்மீது பொருத்த வேண்டும், பொருத்தினாலும் போதாது. மெருகேற்றிய இரு பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அவை மேடுகளில் மட்டுமே தொடுகின்றன. மெய்த்தொடுகைப் பரப்பு தோற்றப் பரப்பின் மிகச் சிறு பகுதியே என்பதை பௌடனும் டேபரும் 1939-இலேயே காட்டியிருந்தனர். எஞ்சிய பள்ளங்களில் காற்று நிற்கிறது. செம்பின் வெப்பக் கடத்துதிறன் ஏறக்குறைய 400 அலகு, காற்றினுடையது 0.026. இந்த இடைவெளியை நிரப்பவே சிலிக்கோன் பசையில் துத்தநாக ஆக்சைடு கலந்த வெண்பசை மின்னணுவியலுக்குள் புகுந்தது.

மேசைக்கணினிக்கு அதன் தேவை பின்னரே வந்தது. பழைய சில்லுகள் வெறுமனே காற்றில் கிடந்தன. 1993-இன் முதல் பென்டியம் ஏறத்தாழ 15 வாட் வெப்பம் தந்தபோது வெப்பத்தகடும் விசிறியும் வழக்கமாயின. இன்று 100 வாட்டைத் தாண்டுவது வியப்பன்று. ஒரு காலத்தில் குளிரறை ஆற்றிய பணியில் ஒரு பங்கை, மயிரிழைத் தடிப்புள்ள பசை ஏற்றது; அதைத் தடவும் பொறுப்பு கணினியை வாங்கியவரிடம் வந்து சேர்ந்தது. இது வெறும் தொழில்நுட்ப மாற்றமன்று, பொறுப்பின் இடமாற்றம் என்பதே என் கருத்து.

சென்ற மே மாதம் ஆய்வேட்டின் நடுவே என் கணினி அடிக்கடி தானாக அணைந்தது. சாந்தினிச் சந்தையில் ஒரு பழுதுபார்ப்பவரிடம் கொண்டு சென்றேன். குளிர்விப்பானைக் கழற்றியதும் பழைய பசை சுண்ணாம்புபோல் உதிர்ந்தது. ஆல்கஹால் தோய்த்த துணியால் இரு பரப்புகளையும் துடைத்தார். நடுவில் பட்டாணி அளவு புதிய பசை வைத்தார். திருகுகளை மூலைவிட்டமாக மாற்றி மாற்றி இறுக்கினார். இன்னும் கொஞ்சம் வைக்கலாமே என்றேன் (கஞ்சத்தனம் என்று ஐயுற்றதை ஒப்புக்கொள்கிறேன்). பசையும் செம்போடு ஒப்பிட்டால் மோசமான கடத்திதான், பள்ளத்தை நிரப்பினால் போதும், சுவராகிவிடக் கூடாது என்றார். பௌடனை அவர் படித்திருக்க வேண்டியதில்லை.

முழுச்சுமையில் 98 பாகையைத் தொட்ட வெப்பநிலை 81-க்கு இறங்கியது. அதற்குக் கீழே இறங்கவில்லை; விடுதி அறையின் வெப்பமே 36. பசை இடைவெளியை அடைக்கும், அறையைக் குளிர்விக்காது. பராநகரில் நிறுவனம் தீர்த்துவைத்த சிக்கல் இங்கே என்னிடமே எஞ்சியிருந்தது. அன்று முதல் பெரிய கணக்கீடுகளை விடியலுக்கு முன் ஓடவிடுகிறேன்.

1950, 60-களின் கணினி அறைகளில் குளிரூட்டிப் பராமரிப்புக் குறிப்பேடுகளோ மின்கட்டணப் பதிவுகளோ எவரிடமேனும் இருப்பின் தெரிவிக்க வேண்டுகிறேன். கணக்கீட்டு முடிவுகளைப் போலவே அவையும் ஆவணங்கள்தாம்.