அமெரிக்கக் கட்சிகளின் ஜனாதிபதி வேட்பாளர் யாரென முன்கூட்டியே கணிக்க முடியுமா?

அமெரிக்காவில் ஒரு ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு, அடுத்த முறை எந்தக் கட்சி யாரை நிறுத்தும் என்ற பேச்சு தொடங்கி விடுகிறது. நமது வட்ஸ்அப் குழுக்களிலும் "இவர்தான் வருவார்", "அவருக்கு வாய்ப்பே இல்லை" என்று அடித்துச் சொல்லும் பதிவுகள் வலம் வருகின்றன. பலஸ்தீன் விவகாரம் முதல் எண்ணெய் விலை வரை வெள்ளை மாளிகையின் முடிவுகள் நம்மையும் வந்து தொடுவதால் இந்த ஆர்வம் நியாயமானதே. ஆனால் நம்மில் பலர் நவம்பரில் நடக்கும் இறுதி வாக்கெடுப்பை மட்டுமே தேர்தல் என்று கருதுகிறோம். அன்று அமெரிக்க வாக்காளர் முன் நடைமுறையில் இரண்டு பெயர்கள்தான் இருக்கும். பத்து, பதினைந்து பேரில் ஒருவரைத் தெரிவு செய்யும் வாய்ப்பு அதற்குப் பல மாதங்கள் முன்பே, கட்சிக்குள் நடக்கும் தேர்தலில் முடிந்து போயிருக்கும்.

நாளை நடப்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். கணிப்பு என்று இங்கே நாம் சொல்வது குறி பார்ப்பதை அல்ல. மேகத்தைப் பார்த்து விட்டு நெல்லை முற்றத்தில் காயப் போடாமல் விடும் விவசாயி செய்வதைத்தான் சொல்கிறோம். அதற்கு முதலில் எந்த மேகம் மழை மேகம் என்று தெரிய வேண்டும்.

முடிவெடுப்பது யார்?

ஜனநாயகக் கட்சியானாலும் குடியரசுக் கட்சியானாலும், வேட்பாளரை முறைப்படி தெரிவு செய்வது அக்கட்சியின் தேசிய மாநாட்டில் கூடும் பேராளர்களே. அந்தப் பேராளர்கள் எப்படித் தெரிவாகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1968 வரை பெரும்பாலான மாநிலங்களில் பேராளர்களைக் கட்சிப் பிரமுகர்களே தீர்மானித்தனர். அந்த ஆண்டு ஹியூபர்ட் ஹம்ப்ரி ஒரு மாநிலத்தின் பிரைமரியிலும் களமிறங்காமலேயே ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானார். வியட்நாம் போரை எதிர்த்தவர்கள் கொதித்தெழுந்தனர். சிக்காகோ மாநாட்டுக்கு வெளியே பொலிஸாரும் போராட்டக்காரர்களும் மோதிய காட்சிகளைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. அதன் பின் மக்கவர்ன், ஃப்ரேசர் ஆகியோர் தலைமையில் அமைந்த ஆணைக்குழு விதிகளை மாற்றியது. 1972 முதல் பிரைமரி எனப்படும் உட்கட்சி வாக்கெடுப்பும், கோக்கஸ் எனப்படும் உள்ளூர்க் கூட்டங்களுமே பேராளர்களைத் தீர்மானித்து வருகின்றன. குடியரசுக் கட்சியும் காலப்போக்கில் அதே வழிக்கு வந்தது.

இந்த வாக்கெடுப்பு ஒரே நாளில் நடப்பதில்லை. ஆண்டின் தொடக்கத்தில் ஓரிரு சிறிய மாநிலங்களில் தொடங்கி ஜூன் வரை மாநிலம் மாநிலமாக நகர்கிறது. ஒரு மாநிலத்தின் முடிவு அடுத்த மாநிலத்தின் மனநிலையை மாற்றுகிறது. தோற்றவருக்கு நன்கொடை நின்று விடுகிறது, அவர் விலகுகிறார், அவரது வாக்குகள் வேறொருவருக்குப் போகின்றன. எனவே ஜனவரியில் எடுத்த கணக்கு மார்ச்சில் செல்லுபடியாகாமல் போவது வழமை.

வாக்கு வேறு, பேராளர் வேறு

கணிப்பாளர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான்.

ஜனநாயகக் கட்சி எல்லா மாநிலங்களிலும் விகிதாசார முறையைப் பின்பற்றுகிறது. ஆனால் 15 வீதத்துக்குக் குறைவாகப் பெறுபவருக்குப் பேராளர் கிடைக்க மாட்டார். ஒரு மாநிலத்தில் ஐந்து விறுவிறு வெற்றி பெறுவதை விட ஒரு மாநிலத்தில் எத்தனை வாக்கு வித்தியாசத்தில் வெல்கிறோம் என்பதே முக்கியமாகிறது. 2008 பெப்ரவரி 5 அன்று நடந்ததைப் பாருங்கள். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்த நியூ ஜேர்சியை ஹிலரி கிளின்டன் வென்றார். அவருக்கு 59 பேராளர்கள், ஒபாமாவுக்கு 48. அதே நாளில் சுமார் 21,000 பேர் மட்டுமே கலந்து கொண்ட ஐடஹோ கோக்கஸை ஒபாமா வென்றார். அவருக்கு 15, ஹிலரிக்கு 3. நியூ ஜேர்சியில் ஹிலரி பெற்ற முன்னிலை 11. ஐடஹோவில் ஒபாமா பெற்ற முன்னிலை 12! தொலைக்காட்சிகள் பெரிய மாநிலங்களைப் பற்றியே பேசிக் கொண்டிருந்தன. ஒபாமாவின் குழுவினர் யாரும் எட்டிப் பார்க்காத சிறிய மாநிலங்களில் அலுவலகம் திறந்திருந்தனர். அடுத்த மாதம் டெக்சாஸ் பிரைமரியில் ஹிலரி கூடுதல் வாக்குகளைப் பெற்றார். ஆனால் அம்மாநிலத்தில் பிரைமரியோடு கோக்கஸும் நடந்ததால், இரண்டையும் கூட்டியபோது அதிகப் பேராளர்கள் ஒபாமாவுக்கே கிடைத்தனர்.

2016 மார்ச் 8 இன்னொரு பாடம். மிச்சிகனில் ஹிலரி 20 புள்ளிகள் அளவில் முன்னணியில் இருப்பதாகக் கருத்துக்கணிப்புகள் கூறின. பெர்னி சாண்டர்ஸ் அங்கு சுமார் ஒன்றரைப் புள்ளி வித்தியாசத்தில் வென்றார். அரபு அமெரிக்கர்கள் செறிந்து வாழும் டியர்போர்ன் நகரிலும் யூதக் குடும்பத்தில் பிறந்த சாண்டர்ஸே முன்னிலை பெற்றார். மறுநாள் தலைப்புச் செய்திகள் முழுவதும் அந்த வெற்றிதான். ஆனால் அதே இரவில் மிசிசிப்பியில் ஹிலரி 80 வீதத்துக்கு மேல் பெற்றிருந்தார். இரு மாநிலங்களையும் சேர்த்துப் பார்த்தால், தோற்றதாகச் சொல்லப்பட்ட அந்த இரவில் அவரது பேராளர் முன்னிலை 20க்கு மேல் கூடியிருந்தது.

குடியரசுக் கட்சியின் விதிகள் வேறு. பல மாநிலங்களில் முதலிடம் பெறுபவருக்கே எல்லாம், அல்லது பெரும்பகுதி. 2016இல் தென் கரோலினாவில் ட்ரம்ப் பெற்றது மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான வாக்குகள்தாம். அம்மாநிலத்தின் 50 பேராளர்களும் அவருக்கே கிடைத்தனர். எதிராளிகள் பலராகப் பிரிந்து நின்ற வரை அவருக்குப் பெரும்பான்மை தேவைப்படவில்லை. ஜனநாயகக் கட்சியின் விதிகளின்படி அதே போட்டி நடந்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்காது.

கருத்துக்கணிப்பை எந்த அளவு நம்பலாம்?

2007 முழுவதும் தேசியக் கருத்துக்கணிப்புகளில் ஜனநாயகக் கட்சியில் ஹிலரியும், குடியரசுக் கட்சியில் நியூயோர்க்கின் முன்னாள் மேயர் ரூடி ஜூலியானியும் முன்னணியில் இருந்தனர். இருவரும் வேட்பாளராகவில்லை. ஜூலியானி ஃப்ளோரிடாவையே நம்பியிருந்து, அங்கு மூன்றாமிடம் பெற்று விலகினார். பிரசாரம் ஏறத்தாழ வங்குரோத்தாகி விட்டதாக எழுதப்பட்ட ஜோன் மெக்கெய்ன் வேட்பாளரானார். அதற்கு முன் 2003இன் இறுதியில் ஹவார்ட் டீன் பணத்திலும் கணிப்பிலும் முந்தியிருந்தார். முன்னாள் உபஜனாதிபதி அல் கோரின் ஆதரவும் அவருக்கே. 2004 ஜனவரியில் அயோவாவில் அவர் மூன்றாமிடம் பெற்றார். வென்ற ஜோன் கெரிதான் வேட்பாளரும் ஆனார்.

காரணம் எளிது. தேசிய அளவிலான உட்கட்சி வாக்கெடுப்பு என்று ஒன்றே கிடையாது. ஓராண்டுக்கு முன் எடுக்கப்படும் தேசியக் கணிப்பு பெரும்பாலும் பெயர் தெரிந்தவர் யார் என்பதையே அளக்கிறது. ஒரே கட்சிக்காரர்களுக்கிடையிலான போட்டி என்பதால் கொள்கை வேறுபாடு சிறிது. ஆகவே வாக்காளர் கடைசி வாரத்தில் கூட மனம் மாறுவார். குளிர்கால இரவில் கோக்கஸுக்கு யார் எழுந்து வருவார் என்பதையும் தொலைபேசியில் கேட்டு அறிவது கடினம்.

அதற்காகக் கணிப்புகளைத் தூக்கி எறியவும் கூடாது. 2015 ஜூனில் ட்ரம்ப் போட்டியை அறிவித்த சில வாரங்களில் குடியரசுக் கட்சியின் கணிப்புகளில் முதலிடத்துக்கு வந்தார். அதன் பின் பெரும்பாலும் அங்கேயே இருந்தார். எண்கள் சரியாகத்தான் சொல்லின. நம்ப மறுத்தவர்கள் நிபுணர்கள்! 2008இல் 49 மாநிலங்களையும் 2012இல் 50 மாநிலங்களையும் சரியாகக் கணித்த நேட் சில்வரே ட்ரம்புக்கு வாய்ப்பு மிக அற்பம் என்று எழுதினார். பின்னர், எண்களை விட்டு விட்டு அரசியல் விமர்சகர்களைப் போல் ஊகித்ததாக அவரே வெளிப்படையாக எழுதினார்.

பெரியவர்களின் கை

நிபுணர்கள் ஏன் நம்ப மறுத்தார்கள்? 2008இல் நான்கு அரசியல் விஞ்ஞானிகள் சேர்ந்து எழுதிய ஒரு நூல் அப்போது பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தது. "கட்சியே தீர்மானிக்கிறது" என்பது அதன் தலைப்பின் பொருள். வாக்கெடுப்பு தொடங்குமுன்பே ஆளுநர்கள், செனட்டர்கள், மூத்த தலைவர்கள் யாருக்கு ஆதரவு அறிவிக்கிறார்களோ அவரே பெரும்பாலும் வெல்கிறார் என்பது அவர்களது வாதம். ட்ரம்புக்கு 2016 பெப்ரவரி பிற்பகுதி வரை பதவியிலுள்ள ஒரு செனட்டரோ ஆளுநரோ ஆதரவு தரவில்லை. ஆகவே அவர் வெல்ல முடியாது என்று முடிவு கட்டினார்கள். அந்தக் கட்சியின் பெரியவர்கள் தங்களுக்குள் ஒருவரையும் ஒருமித்துத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதைக் கவனிக்கத் தவறினார்கள். பெரியவர்கள் பேசாமல் இருந்தால் கட்சி எப்படித் தீர்மானிக்கும்?

நான்கே ஆண்டுகளில் அதே நூல் மீண்டும் உயிர் பெற்றது. 2020இல் ஜோ பைடன் அயோவாவில் நான்காமிடம், நியூ ஹெம்ப்ஷயரில் ஐந்தாமிடம். பத்திரிகைகள் இரங்கல் உரை எழுதத் தொடங்கியிருந்தன. பெப்ரவரி 26 அன்று தென் கரோலினாவின் கறுப்பின மக்களிடம் பெருமதிப்புப் பெற்ற காங்கிரஸ் உறுப்பினர் ஜிம் கிளைபர்ன் பைடனுக்கு ஆதரவு அறிவித்தார். 29ஆம் திகதி பைடன் அங்கு ஏறத்தாழப் பாதி வாக்குகளுடன் வென்றார். அடுத்த இரு நாட்களில் பூட்டஜெஜும் குளோபுச்சரும் விலகி அவர் பக்கம் நின்றனர். மார்ச் 3 அன்று 14 மாநிலங்களில் 10ஐ அவர் கைப்பற்றினார். ஒரு வாரத்துக்குள் எல்லாம் தலைகீழ்.

கறுப்பின வாக்காளர் மிகக் குறைவாக உள்ள அயோவாவையும் நியூ ஹெம்ப்ஷயரையும் வைத்து முழுக் கட்சியையும் அளந்ததே அன்றைய பிழை. எந்த மாநிலம் எப்போது வாக்களிக்கிறது, அங்கு வசிப்போர் யார் என்ற அட்டவணையை முதலில் கையில் வைத்துக் கொள்ளாமல் செய்யும் கணிப்புக்கு என் பார்வையில் மதிப்பில்லை.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஜெப் புஷ்ஷை ஆதரித்த அமைப்பு 2015இல் 100 மில்லியன் டொலருக்கு மேல் திரட்டியது. அவருக்குக் கிடைத்தது 4 பேராளர்கள். 2020இல் மைக்கல் புளூம்பெர்க் தன் சொந்தப் பணத்தில் பல நூறு மில்லியன் டொலர்களைக் கொட்டினார். அவர் முதலிடம் பெற்ற ஒரே இடம் அமெரிக்க சமோவா என்ற தீவுக் கூட்டம். பணம் இல்லாமல் நிற்க முடியாது, அவ்வளவுதான்.

பந்தயச் சந்தை விலைகளையும் இப்போது செய்தியாகக் காட்டுகிறார்கள். அதில் பணம் வைப்பது சூது. அதன் ஹுக்மை இங்கே விளக்க வேண்டியதில்லை. தகவல் என்ற வகையில் பார்த்தாலும், 2020 பெப்ரவரி நடுவில் அந்தச் சந்தையும் பைடனை ஏறத்தாழக் கைவிட்டிருந்தது.

பதவியில் இருப்பவர்

பதவியிலுள்ள ஜனாதிபதி மீண்டும் கேட்டால் கட்சி மறுப்பதில்லை என்பது பொதுவான விதி. 1976இல் ஃபோர்டை ரீகனும், 1980இல் கார்ட்டரை எட்வர்ட் கென்னடியும் கடுமையாக எதிர்த்தும் வீழ்த்த முடியவில்லை. ஆனால் ஜனாதிபதி தாமாகவே ஒதுங்கியதுண்டு. 1968 மார்ச்சில் நியூ ஹெம்ப்ஷயரில் ஜோன்சன் 49 வீதம் பெற்று முதலிடத்தில்தான் இருந்தார். போரை எதிர்த்த மெக்கார்த்தி 42 வீதம் பெற்றதே அவருக்கு அடியாக விழுந்தது. மாத இறுதியில் போட்டியிலிருந்து விலகுவதாக அறிவித்தார். 2024இல் பைடன் ஏறத்தாழ எல்லாப் பேராளர்களையும் வென்ற பிறகு, ட்ரம்புடனான விவாதத்தில் தடுமாறி, ஜூலை 21 அன்று விலகினார். ஒரு பிரைமரியிலும் நிற்காத கமலா ஹாரிஸ் ஓகஸ்ட் தொடக்கத்தில் வேட்பாளரானார். 1968க்குப் பின் நடக்காது என்று நினைத்தது நடந்தது.

மிச்சிகனின் இரண்டு பேராளர்கள்

பிரைமரி வாக்குச்சீட்டில் சில மாநிலங்களில் "எவருக்கும் உறுதியில்லை" என்ற பொருளில் ஒரு தெரிவும் உண்டு. 1976இல் அயோவாவில் முதலிடம் பெற்றது அந்தத் தெரிவுதான். இரண்டாமிடம் பெற்ற ஜிம்மி கார்ட்டர் பின்னர் ஜனாதிபதியானார். 2024 பெப்ரவரி 27 அன்று மிச்சிகனில், காஸா போரில் பைடனின் நிலைப்பாட்டை எதிர்த்து அரபு, முஸ்லிம் வாக்காளர்களும் இளைஞர்களும் அந்தக் கட்டத்தில் புள்ளடியிட்டனர். ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள், சுமார் 13 வீதம், இரண்டு பேராளர்கள். டியர்போர்னில் பைடனை விட அதற்கே அதிக வாக்கு. அடுத்த வாரம் மினசோட்டாவில் சுமார் 19 வீதமும் 11 பேராளர்களும் கிடைத்தன.

வேட்பாளர் யார் என்ற கணிப்பில் இதனால் மாற்றம் எதுவும் இல்லை. ஆயிரக்கணக்கான பேராளர்களில் சுமார் 30 பேரால் என்ன செய்ய முடியும்? ஓகஸ்டில் சிக்காகோவில் மாநாடு நடந்தபோது, பலஸ்தீன அமெரிக்கர் ஒருவருக்கு மேடையில் சில நிமிடங்கள் பேச அனுமதி தருமாறு அவர்கள் கேட்டார்கள். ஜோர்ஜியா மாநில சட்டமன்ற உறுப்பினர் ருவா ரும்மானின் பெயரும் முன்வைக்கப்பட்டது. கட்சி மறுத்து விட்டது. மண்டபத்துக்கு வெளியே நடைபாதையில் அமர்ந்து அவர்கள் இரவைக் கழித்தார்கள். நவம்பரில் டியர்போர்னில் ட்ரம்ப் சுமார் 42 வீதம், ஹாரிஸ் 36 வீதம், பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் 18 வீதம். மிச்சிகன் மாநிலத்தை ட்ரம்ப் சுமார் 80,000 வாக்குகளால் வென்றார்.