கல்லில் சுரம், பிலிமில் நேரம்

எங்கள் குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறையில், பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு பிரிவுகளாகச் சுரங்களை நான்கு நான்காக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டு என்பார்கள். மகேந்திரவர்மன் செய்தது என்பாரும் உண்டு, மறுப்பாரும் உண்டு. ருத்ராசாரியாரின் சீடனான ஓர் அரசன் என்று கல்லே சொல்கிறது. சுரம் இருக்கிறது, ஆனால் எந்தச் சுரத்தை எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்ற தாளக்குறி இல்லை.

இந்தக் குறை எனக்கு உறைத்தது சினிமா தியேட்டர் கேபினில்தான். நான் ஆபரேட்டராக இருந்தவன்.

பேசும்படம் வந்த புதிதில், 1926-27 வாக்கில், அமெரிக்காவில் வைட்டாஃபோன் முறையில் படம் பிலிமிலும் ஒலி இசைத்தட்டிலும் இருந்தன. பிலிம் அறுந்தால், போன கட்டங்களின் அளவுக்குக் கறுப்புப் பிலிம் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் நாயகி வாயசைக்கும்போது நாயகன் குரல் வரும். பிறகு ஒலியையும் பிலிமின் ஓரத்திலேயே பதித்தார்கள். கவலை தீர்ந்தது.

1993-ல் 'ஜுராசிக் பார்க்'குடன் டிடிஎஸ் வந்தது. ஒலி மறுபடி தட்டுக்கே போனது, இம்முறை சிடி. நம் நாட்டில் முதல் டிடிஎஸ் படம் 1996-ல் வந்த தமிழ்ப்படம் 'கறுப்பு ரோஜா'. இதில் பிலிமில் படத்துக்கும் பழைய ஒலிக்கோட்டுக்கும் நடுவே புள்ளியும் கோடுமாக நேரக்குறியீடு ஓடும். புரொஜக்டரில் மாட்டிய கருவி அதைப் படித்து, 'இப்போது இந்த ரீலில் இந்த இடம்' என்று சொல்லும். சிடி அந்த இடத்து ஒலியைக் கொடுக்கும். குறியீடு அழுக்காகிப் படிக்க முடியாமல் போனால், சில நொடிகளில் பழைய ஒலிக்கே திரும்பிவிடும். ஸ்டூடியோவிலும் இதே தத்துவம்தான். மணி, நிமிடம், நொடி, பிரேம் என்று வெளியிலிருந்து வரும் குறியீட்டைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் உள்ள ஒலிப்பதிவு மென்பொருள் ஓடும். கணக்கு பிசகினால் கதை கெடும். நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தை டிவிக்காக 25-ல் ஓட்டினால், 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். பாட்டின் சுருதியும் ஏறிவிடும்.

ஒரு நாள் முதலாளி, "காட்சி நேரம் பத்தவில்லை, அந்தப் பாட்டை எடுத்துடுப்பா" என்றார். சிடியில் பாட்டு இருக்கிறதே, எல்லாம் குழம்பப் போகிறது என்று பயந்துகொண்டே வெட்டி ஒட்டினேன். ஒட்டு தாண்டியதும் குறியீடு தாவியது; சிடியும் கூடவே தாவியது. வசனம் உதட்டோடு சரியாக உட்கார்ந்தது. கீழே யாருக்கும் தெரியவில்லை. அன்று என் வேலைத்திறனை நினைத்துப் பெருமைப்பட்டேன். ஓர் இசையமைப்பாளரின் உழைப்பு என் கத்தரியில் போனது என்ற வெட்கம் பின்னால்தான் வந்தது.

இப்போது பிலிமும் இல்லை, கேபினில் எனக்கு வேலையும் இல்லை. மாலையில் பாறையடியில் போய் உட்காருகிறேன். வெட்டியவர் அந்தச் சுரங்களைத் தன் மாணவர்களுக்குப் பாடிக் காட்டியிருப்பார். காலப்பிரமாணம் அவர்கள் கையில் தாளமாக இருந்திருக்கும். அந்தக் கைகள் போனதும் அதுவும் போய்விட்டது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பாடிய தாலாட்டு எதையாவது இன்னும் பதியாமல் வைத்திருந்தால், இன்றே கைபேசியில் பதிந்துவிடுங்கள்.