சிவக்க மறுத்த தோல்

1950களில் கனடாவின் சஸ்காட்செவான் மாகாணத்தில் ஆப்ரம் ஹோஃபர், ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற இரு மனநல மருத்துவர்கள், மனச்சிதைவு நோயாளிகளுக்கு வைட்டமின் பி3-ஐ, அதாவது நியாசினை, நாளொன்றுக்கு 3 கிராம் அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். சாதாரணமாக உடம்புக்குத் தேவைப்படுவது 15 மில்லிகிராம் சொச்சம்தான். கிராம் கணக்கில் உள்ளே போனால் முகமும் கழுத்தும் சிவந்து தகிக்கும். பிறர் செய்த சோதனைகளில் அந்தச் சிகிச்சை எடுபடவில்லை. ஆனால் ஹோஃபரின் கண்ணில் வேறொன்று பட்டிருந்தது: சில நோயாளிகளுக்கு முகம் சிவக்கவே இல்லை.

வெறும் விநோதமாகக் கிடந்த அந்தச் செய்தியைத் தூசி தட்டி எடுத்தவர் டேவிட் ஹாரோபின் என்ற ஆங்கிலேயர். மனச்சிதைவு கண்டவர்களுக்கு மூட்டுவாதம் குறைவு, வலி அவ்வளவாக உறைப்பதில்லை, கடும் காய்ச்சலில் சிலருக்குச் சித்தம் கொஞ்ச நேரம் தெளிவதும் உண்டு என்று வார்டுகளில் நெடுநாளாகப் பேச்சு இருந்தது. மூன்றையும் கோத்துப் பார்த்தபோது, வீக்கம், வலி, காய்ச்சல் மூன்றிலும் பங்குள்ள புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளில் வந்து முட்டியது. அது குறைவதே நோய் என்று 1977இல் 'லான்செட்' இதழில் எழுதினார். நியாசின் தோலைச் சிவக்கவைப்பதும் அதே வழியில்தான். உயிரணுச் சவ்விலிருந்து அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பமிலம் கழன்று, புரோஸ்டாகிளாண்டினாக மாறி, ரத்தக் குழாய்களை விரிக்கிறது. அப்படியானால், சிவக்காதவர்களின் சவ்வில் அந்த அமிலமே வற்றிவிட்டதா?

இதைப் பார்க்க மூளையையா திறக்க முடியும்? சிவப்பணுவின் சவ்வு போதும். ஸ்காட்லாந்தில் இயன் க்ளென் குழுவினர், பேச்சும் ஆர்வமும் வற்றி ஒடுங்கிப்போன நோயாளிகளின் ரத்தத்தை அளந்து 1994இல் முடிவை வெளியிட்டார்கள். நோயாளிகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றார்கள். ஒரு கூட்டத்துக்கு அராகிடோனிக் அமிலம் மிகக் குறைவு. மனச்சிதைவு என்பதே இரண்டு வெவ்வேறு நோய்களோ என்று கேட்கும் அளவுக்குத் துணிந்தார்கள். ரத்தத்தைச் சேமித்த குளிர்பெட்டிக்குள்ளேயே ஒரு வில்லன் இருக்கலாம் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

1998இல் அதே வட்டாரத்து ஆய்வாளர்கள் நியாசினை விழுங்கச் சொல்லாமல், அதன் கரைசலில் நனைத்த சிறு பட்டையை முன்கையில் ஒட்டினார்கள். சில நிமிடம் கழித்து உரித்தார்கள். நோயில்லாதவர்களில் பெரும்பாலோருக்குத் தோல் சிவந்திருந்தது. நோயாளிகளில் பெரும்பாலோருக்குச் சிவப்பு மங்கல், அல்லது இல்லவே இல்லை. இன்று ஆய்வுக்கூடங்களில் நடக்கும் நியாசின் தோல் சோதனை இப்படித்தான் உருப்பெற்றது. கொண்டாட்டம் நீடிக்கவில்லை.

2003இல் க்ளெனும் ஹாரோபினும் இடம்பெற்ற ஒரு குழுவே குண்டைப் போட்டது. மைனஸ் 20 டிகிரியில் வைத்த சிவப்பணுக்களில் இந்தக் கொழுப்பமிலங்கள் தாமாகவே சிதைந்துபோகின்றன! அந்த இரண்டு கூட்டங்களில் எவ்வளவு நோய், எவ்வளவு குளிர்பெட்டி என்ற கேள்வி எழுந்தது. பட்டைக்கு அந்தச் சிக்கல் இல்லை. அது உயிருள்ள தோலிலேயே பதில் வாங்குகிறது. ஆனாலும் நோயாளிகள் எல்லோருக்கும் சிவப்பு மங்குவதில்லை, ஆரோக்கியமானவர்களிலும் சிலருக்கு மங்குகிறது. அதனால் அது இன்னும் மருத்துவரின் மேசைக்குப் பரவலாக வரவில்லை.