'எங்களுக்குள்ள சண்டையே இல்லை': 1945இல் ஒரு மறுப்பு

போர்க்காலத்தில் தளபதிகளுக்குள் கருத்து வேறுபாடு என்று பேப்பரில் செய்தி வந்தால், அடுத்து என்ன வரும் என்று எங்களுக்குத் தெரியும்: 'அப்பிடி ஒண்டுமில்லை, நாங்கள் ஒற்றுமையாத்தான் இருக்கிறம்.' அப்படியொரு மறுப்பு சண்டையை இன்னும் பெரிதாக்கிய கதைதான் இது.

1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் நோர்மண்டியில் இறங்கியபோது தரைப்படைகளை நடத்தியவர் பிரித்தானியத் தளபதி மொன்ற்கொமரி. செப்டெம்பர் 1ஆம் திகதி அந்தப் பொறுப்பை உச்சத் தளபதியான அமெரிக்கர் ஐசனோவர் தானே எடுத்துக்கொண்டார். முழுப் பலத்தையும் வடக்கில் குவித்து ஒரே அடியாக ஜேர்மனிக்குள் நுழைய வேண்டும் என்றார் மொன்ற்கொமரி. முன்னரங்கு முழுவதிலும் சேர்ந்து முன்னேற வேண்டும் என்றார் ஐசனோவர்.

டிசம்பர் 16இல் ஆர்டென் காட்டுப்பகுதியில் ஜேர்மனியர் திடீரெனத் தாக்கி அமெரிக்க அணியைப் பிளந்தார்கள். அமெரிக்கத் தளபதி பிரட்லியிடமிருந்த இரண்டு படைகளை டிசம்பர் 20இல் ஐசனோவர் தற்காலிகமாக மொன்ற்கொமரியிடம் கொடுத்தார். உடனே லண்டன் பேப்பர்கள் தரைப்படை முழுவதையும் மொன்ற்கொமரியிடமே கொடுக்கச் சொல்லி எழுதத் தொடங்கின. மொன்ற்கொமரியும் கடிதம் எழுதி அதையே கேட்டார். 'அவரா, நானா?' என்று கேட்டு வாஷிங்டனுக்கு ஐசனோவர் ஒரு தந்தியே தயாரித்துவிட்டார். மொன்ற்கொமரியின் பிரதம அதிகாரி டி கிங்காண்ட் ஓடித் திரிந்து அதை நிறுத்தினார். மொன்ற்கொமரி மன்னிப்புக் கேட்டார். இதெல்லாம் அப்போது வெளியே தெரியாது.

1945 ஜனவரி 7இல் மொன்ற்கொமரி பெல்ஜியத்தில் பத்திரிகையாளரைச் சந்தித்தார். ஐசனோவர்தான் எங்கள் தலைவர், நாங்கள் இருவரும் நெருங்கிய நண்பர்கள், அவரைக் குறைசொல்லும் செய்திகள் எனக்குக் கவலை தருகின்றன என்றார். அமெரிக்கச் சிப்பாய்களைப் புகழ்ந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். தான் நடத்தியதிலேயே மிகச் சுவாரசியமான சண்டைகளில் ஒன்று இது என்றும் சொன்னார். அமெரிக்கர் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

இரண்டு நாள் கழித்து பிரட்லி தன் பங்குக்கு அறிக்கை விட்டார்: படைகளைக் கொடுத்தது தற்காலிகமாக மட்டுமே. மொன்ற்கொமரிக்குக் கீழே போவதைவிட ஊருக்குப் போய்விடுகிறேன் என்று ஐசனோவரிடம் நேரிலும் சொல்லியிருந்தார். கடைசியில் ஜனவரி 18இல் சேர்ச்சில் நாடாளுமன்றத்தில் எழும்பி, சண்டையில் பெரும்பகுதியும் இழப்பில் பெரும்பகுதியும் அமெரிக்கருடையது என்று தெளிவாகச் சொல்ல வேண்டி வந்தது. அந்தச் சமரில் ஏறத்தாழ 19,000 அமெரிக்கர் இறந்தார்கள்.

மொன்ற்கொமரி பொய் சொன்னார் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அவர் சொன்னது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் யார் யாருக்கு நண்பர் என்பது அல்லவே பிரச்சினை. எந்த வழியால் போவது, அந்த வழியில் யாருடைய பிள்ளைகள் சாவார்கள், வெற்றி யார் பெயரில் எழுதப்படும் என்பதுதான் பிரச்சினை. அதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை.

இப்போதும் ஏதோ ஒரு நாட்டில் போர் நடக்கிறது. 'கருத்து வேறுபாடு இல்லை' என்ற அறிக்கைகளும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வாசிக்கும்போது அதில் எழுதியிருப்பதைவிட, எதைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். சண்டை அங்கேதான் நடக்கும்.