நற்கிரியை இரட்சிக்காதெனில் ஏழைக்கு ஏன் ஈய வேண்டும்?

மனிதன் தன் நற்கிரியைகளால் இரட்சிப்படைவதில்லை. விசுவாசத்தினால் மட்டுமே நீதிமானாக்கப்படுகிறான். மார்ட்டின் லூதரின் இப்போதனையை இறையியல் வரலாறு விரிவாகவே ஆராய்ந்திருக்கிறது. தேவாலய வாயிலில் கையேந்தி நின்றவனின் வாழ்வில் அது என்ன மாற்றத்தை உண்டாக்கியது என்பதோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஈவதால் மோட்சம் கிட்டாதென்றால் செல்வன் எதற்காக ஈய வேண்டும்? 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இக்கேள்வி ஏழையின் அடுத்த வேளை உணவையும் பற்றியதாயிருந்தது.

இடைக்கால ஐரோப்பாவில் இதற்குத் தெளிவான விடை இருந்தது. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் நியாயத்தீர்ப்பு நாளைச் சித்திரிக்கிறது. பசித்தவனுக்கு உணவும், ஆடையற்றவனுக்கு ஆடையும் கொடுத்தவர்கள் அங்கே வலப்புறம் நிறுத்தப்படுகிறார்கள். ஆகவே, செல்வர் பிச்சையிட்டனர். பெற்ற ஏழை அவருடைய ஆன்மாவுக்காக மன்றாடினான். மரண சாசனங்களில் ஏழைகளுக்கென ரொட்டியும் துணியும் ஒதுக்கப்பட்டன. செல்வனின் மீட்புக்கு ஏழை தேவைப்பட்டான். அதனால் அவனுக்குச் சோறும் ஓர் இடமும் கிடைத்தன. அவனுடைய வறுமை நீங்க வேண்டிய அவசியம் மட்டும் அந்த ஏற்பாட்டில் இல்லை.

1517இல் லூதர் எதிர்த்த பாவமன்னிப்புச் சீட்டு இந்தச் சூழலில் தோன்றியதே. திருச்சபையின் போதனைப்படி, அது பாவத்தை மன்னிப்பதன்று. மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு எஞ்சிய தண்டனையைக் குறைப்பது. சந்தையில் அந்த வேறுபாடு மங்கிப்போயிற்று. ஜெர்மனியில் திரண்ட தொகையில் ஒரு பாதி ரோமின் புனித பேதுரு பேராலயக் கட்டுமானத்துக்கென ஒதுக்கப்பட்டது. மறு பாதி மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட் ஃபுக்கர் வங்கிக் குடும்பத்திடம் பட்ட கடனை அடைக்கப் போயிற்று. லூதரின் 95 வாதங்களுள் ஏழை நேரடியாகவே இடம்பெறுகிறான்: சீட்டு வாங்குவதைவிட, வறியவனுக்குக் கொடுப்பதே மேல் என்கிறது 43ஆம் வாதம்.

1520இல் கிறிஸ்தவனின் சுதந்திரம் குறித்து எழுதிய நூலில் லூதர் மேலும் சென்றார். நல்ல மரம் நற்கனி தருவதைப் போல, விசுவாசத்திலிருந்து நற்கிரியை தானே பிறக்கும். அதன் பயன் அயலானைச் சேர்ந்தது என்றார். கைம்மாறாக மோட்சம் பெற வேண்டியதில்லை என்பதாலேயே கிறிஸ்தவன் அயலானுக்குத் தடையின்றி ஊழியம் செய்யலாம் என்பது அவர் கண்ட விடை.

இதை நிறுவன வடிவில் சோதித்த ஊர் சாக்சனியின் லைஸ்னிக். 1523இல் அவ்வூர்ச் சபை பொதுப் பேழைச் சட்டம் ஒன்றை வகுத்தது. லூதர் அதற்கு முன்னுரை எழுதினார். தேவாலயச் சொத்துகளின் வருவாய் ஒரே பேழைக்குள் வர வேண்டும். பிரபுக்கள் 2 பேர், நகரமன்றத்தார் 2 பேர், நகரத்தார் 3 பேர், கிராமத்தார் 3 பேர் என 10 பேர் அதை நிர்வகிப்பர். பேழைக்கு 4 பூட்டுகள். ஒவ்வொரு பிரிவினரிடமும் ஒரு திறவுகோல். அநாதைகள், முதியோர், நலிந்த கைவினைஞர் ஆகியோர்க்கு உதவியும் கடனும் வழங்கப்படும். பிச்சையெடுத்தல் தடைசெய்யப்பட்டது.

திட்டம் எழுத்தில் அழகாயிருந்தது. ஆனால் நகரமன்றம் தன் வசமிருந்த அறக்கட்டளைச் சொத்துகளைப் பேழைக்கு ஒப்படைக்க மறுத்தது. புதிய போதனையை வரவேற்ற ஊரே பணத்தை விடத் தயங்கியது. மரம் நட்டாயிற்று, கனி தானே வரவில்லை.

இதிலிருந்து, விசுவாசப் போதனைதான் பழைய ஈகையை அழித்தது என்று முடிவுகட்டுவது அவசரம். கத்தோலிக்க நகரமான ஈப்ரும் 1525இல் பிச்சையைத் தடைசெய்து பொது நிதி ஏற்படுத்தியது. கத்தோலிக்க அறிஞர் வீவெஸ் 1526இல் புரூஜ் நகரத்துக்காக ஏழைகள் நிவாரண நூலை எழுதினார். ஈப்ரின் ஏற்பாட்டை 1531இல் பாரிஸ் இறையியலாளர்கள் சில நிபந்தனைகளுடன் ஏற்றனர். பெருகிய வறுமையும் நகர நிர்வாகத்தின் தேவைகளும் இரு தரப்பையும் ஒரே திசையில் தள்ளின.

போதனையிலும் இடைவெளி நாம் எண்ணுமளவு எளியதன்று. 1547இல் திரெந்து பொதுச்சங்கம், கிறிஸ்துவின் அருளின்றித் தன் செயலால் எவனும் நீதிமானாக முடியாது என்றே முதலில் விதித்தது. அருள்பெற்றவனின் நற்செயல்களுக்குப் பலன் உண்டு என்பதையும் நிலைநாட்டியது. 1562இல் அதே சங்கம் பணம் திரட்டும் சீட்டு விற்பனையாளர் பதவியை ஒழித்தது. 1999 அக்டோபர் 31 அன்று கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும், அருளே மனிதனை மீட்கிறது, அவ்வருளே அவனை நற்செயலுக்கு ஆயத்தப்படுத்துகிறது என்ற கூட்டறிக்கையில் ஒப்பமிட்டன. அதில் ஒப்பமிடப்பட்ட நகரம், ஃபுக்கர் குடும்பத்தின் ஊரான ஆக்ஸ்பர்க்.

ஏழையின் கணக்கு வேறு. அவன் செல்வனின் மீட்புக் கருவியாயிருக்கும் நிலை தளர்ந்தது, அது விடுதலை. ஆனால் இனி அவன் உதவிக்குத் தகுதியானவனா, உழைக்க வல்லவனா என்று விசாரிக்கப்பட்டான். பழைய பிச்சைக்காரனை எவரும் இவ்வளவு கேள்வி கேட்டதில்லை.

மத்தேயுவின் தீர்ப்புக் காட்சியில் ஒரு செய்தியை இரு தரப்பாரும் அடிக்கடி தாண்டிச் சென்றனர். வலப்புறம் நின்றவர்கள் தாம் எப்போது அரசருக்கு உணவளித்தோம் என்று வியந்து கேட்கிறார்கள். அவர்கள் பலனைக் கணக்கிட்டுக் கொடுக்கவில்லை. பெற்றவனின் தகுதியை விசாரித்ததாகவும் அங்கே சொல்லப்படவில்லை.