ஊராட்சி மேற்பார்வை: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள்

ஊர்ப்பொதுக் காரியங்களை நடத்துவதற்காக மக்களால் தேர்ந்தெடுக்கப்பெற்ற ஸ்தல ஸ்தாபனங்களின் வரவு செலவையும், அவை இயற்றும் தீர்மானங்களையும், அவற்றின் தலைவர்கள் தம் அதிகாரத்தைக் கையாளும் முறையையும் அரசாங்கம் தன் அதிகாரிகள் வாயிலாகப் பார்வையிட்டு, வேண்டுமிடத்துத் திருத்தவும் தடுக்கவும் செய்கின்ற ஏற்பாடு ஊராட்சி மேற்பார்வை எனப்படும். இது கணக்கு வழக்கைச் சேர்ந்த வறண்ட விஷயம் என்று கருதப்படுவதுண்டு. ஆயினும் பல ஜாதியாரும் பல மதத்தாரும் ஒரே குளத்து நீரையும் ஒரே தெருவையும் பங்கிட்டு வாழும் கிராமங்களில், பொதுப்பணம் யார் கையில் இருக்கிறது, அது எவ்வாறு செலவாகிறது, அதைக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் மூன்று வினாக்களுக்கும் கிடைக்கும் விடையைப் பொறுத்தே ஊர் ஒற்றுமை நிற்பதும் குலைவதும் நேர்கின்றன.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட மானாவாரிப் பூமியும், சுண்ணாம்புக்கல் நிறைந்த நிலப்பரப்பும் கொண்ட இப்பிரதேசம் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வடபகுதியாகும். 1995ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அதிலிருந்து 2001ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள் பிரிக்கப்பட்ட அரியலூர், அடுத்த ஆண்டு மார்ச்சு இறுதியில் மீண்டும் தாய் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டு, 2007ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மறுபடியும் தனி மாவட்டமாக அமைந்தது. பெரம்பலூர், வேப்பந்தட்டை, வேப்பூர், ஆலத்தூர் என்னும் 4 ஊராட்சி ஒன்றியங்களில் 121 கிராம ஊராட்சிகளும், அரியலூர், திருமானூர், செந்துறை, ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், தா.பழூர் என்னும் 6 ஒன்றியங்களில் 201 கிராம ஊராட்சிகளும் உள்ளன. மாவட்டம் பிரிவதும் சேர்வதும் வரைபடத்துக் கோடுகளின் மாற்றம் மாத்திரமன்று. ஊராட்சிகளை மேற்பார்க்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடமே இருப்பதால், ஆண்டிமடத்துக் குடியானவர் ஒருவர் தம் ஊர்க் குறையை முறையிட எவ்வளவு தூரம் பேருந்தில் செல்ல வேண்டும் என்பதை அக்கோடுகளே தீர்மானித்தன.

மேற்பார்வை என்பது அந்நியர் ஆட்சியில் புதிதாகப் புகுந்ததன்று. முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்ச் சாசனங்கள், 919, 921 ஆகிய ஆண்டுகளில் அவ்வூர்ச் சபையார் வாரியங்களுக்குக் குடவோலை வாயிலாக உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் விதிகளை வகுத்தபோது, அரசனது ஆணைப்படி அதிகாரி ஒருவர் உடனிருந்தார் என்பதைத் தெளிவாகக் கூறுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலையில் பெயர் இடப்பெறத் தகுதியற்றவர் என்னும் விதியும் அங்கே காணப்படுகிறது. அந்தச் சபை நிலமுடைய பிராமணர்க்கே உரியதாக இருந்தது என்பதையும், ஊரின் மற்றைய குடிகளுக்கு அதில் இடமில்லை என்பதையும் மறைத்துப் புகழ்தல் நேர்மையாகாது. எனினும், கணக்குக் காட்டாதவன் பதவிக்கு வரலாகாது என்ற அந்த ஒரு விதியின் நியாயம் ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் பழுதுபடவில்லை. பிற்காலத்தில் அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக் காலம் சோழரின் தலைநகராக விளங்கியது. சோழராட்சியில் ஊர்களின் நிலவரிக் கணக்குகளைப் பேணிய அலுவலுக்குப் புரவுவரித் திணைக்களம் என்று பெயர்.

ஆங்கிலேயர் ஆட்சியில் ரிப்பன் பிரபு 1882ஆம் ஆண்டில் வெளியிட்ட தீர்மானம், 1884ஆம் ஆண்டின் சென்னை ஸ்தல ஸ்தாபனச் சட்டம், 1920ஆம் ஆண்டின் சட்டம், சுதந்திரத்துக்குப் பின் 1950, 1958 ஆகிய ஆண்டுகளின் பஞ்சாயத்துச் சட்டங்கள் ஆகியவற்றைக் கடந்து, அரசியலமைப்பின் 73ஆவது திருத்தத்துக்கு இணங்க இயற்றப்பட்ட 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமே இப்பொழுது நடைமுறையில் உள்ளது.

இச்சட்டப்படி மாவட்ட ஆட்சியர் ஊராட்சிகளின் ஆய்வாளர் ஆவார். சட்டத்துக்கு முரணான அல்லது பொது அமைதிக்குக் கேடு பயக்கும் தீர்மானத்தை நிறுத்திவைக்கவும் நீக்கவும் 202ஆம் பிரிவும், அவசர நிலையில் ஊராட்சியின் காரியத்தைத் தாமே ஏற்று நடத்துவிக்க 203ஆம் பிரிவும், கடமை தவறிய தலைவரைப் பதவியினின்று நீக்க 205ஆம் பிரிவும் இடந்தருகின்றன. நீக்கும் முன் தலைவரிடம் விளக்கம் கேட்டல் வேண்டும்; தாசில்தார் கூட்டம் கூட்டி வார்டு உறுப்பினர்களின் கருத்தை அறிந்து அனுப்புதல் வேண்டும்; ஆட்சியரின் ஆணையை நீக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு. கிராம ஊராட்சியின் கணக்கைத் துணை வட்டார வளர்ச்சி அலுவலரும், ஒன்றியத்தின் கணக்கை உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையினரும் தணிக்கை செய்கின்றனர்.

கிராம ஊராட்சிக்குச் சொந்த வருமானம் சொற்பமே. வீட்டுவரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம், மீன்பாசிக் குத்தகை, புளியமர மகசூல் ஏலம் ஆகியவற்றைச் சேர்த்தாலும், சிற்றூராட்சி ஒன்றின் மின்சாரக் கட்டணத்துக்கே பல சமயம் அது போதுவதில்லை. ஆகவே மாநில நிதிக்குழுவின் பரிந்துரைப்படி வரும் பங்கே அதற்கு மூச்சுக்காற்று போன்றது. 2017 முதல் 2022 வரை வழங்கிய ஐந்தாம் மாநில நிதிக்குழு ஏற்பாட்டின்படி மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டு, அது ஊரகத்துக்கு 56, நகரத்துக்கு 44 என்ற விகிதத்தில் பிரிக்கப்பட்டது. மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 2021 முதல் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்குமே செலவிடத்தக்கது என்ற கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. வந்த பணத்தைப் பொதுநிதிக்கு ஒரு கணக்கு, மின்சாரம், குடிநீர் வாரியக் கட்டணங்களுக்கு ஒரு கணக்கு, திட்டங்களுக்கு ஒரு கணக்கு என மூன்றாகப் பிரித்து வைத்தல் முறை.

அரியலூருக்குச் சிறப்பாக உரிய ஒரு விசேஷம் சுண்ணாம்புக்கல். சிமெண்டு ஆலைகளுக்காகத் தோண்டப்பட்ட பள்ளங்களும், லாரிகள் எழுப்பும் புழுதி படிந்த முருங்கை இலையும், கிணற்று நீர் இறங்கிப்போன துயரும் சுரங்கத்தை ஒட்டிய கிராமங்களின் பங்காக நிற்க, அக்கல்லின் பலன் வெகுதூரம் சென்றுவிடுகிறது. இக்குறையை ஓரளவு போக்கும் நோக்கத்துடன் 2015ஆம் ஆண்டில் கனிமச் சட்டம் திருத்தப்பட்டு, மாவட்டந்தோறும் கனிம அறக்கட்டளை ஏற்படுத்த வகை செய்யப்பட்டது. அத்திருத்தத்துக்கு முன் வழங்கிய குத்தகையாயின் உரிமத் தொகையில் 30 சதவீதமும், பின் ஏலத்தில் வழங்கியதாயின் 10 சதவீதமும் குத்தகைதாரர் இதற்குச் செலுத்த வேண்டும். அந்நிதியைப் பங்கிடும் பொறுப்பு ஆட்சியரின் தலைமையில் அமைந்த குழுவிடம் உள்ளது. புழுதியை உண்ணும் ஊரின் கிராம சபை அப்பங்கீட்டில் இன்னும் வலுவான குரல் பெறுதல் நியாயம் என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு.

ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் ஒருங்கே கையொப்பமிட வேண்டும் என்பது சட்டம். ஒருவர் தவறினால் மற்றவர் தடுப்பார் என்ற நன்னோக்கத்துடன் எழுந்த இவ்விதியே, ஜாதி வேற்றுமை ஆழ வேரூன்றிய ஊர்களில், தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரைச் செயலற்றவராக்கும் கருவியாகவும் மாறியதுண்டு. பெரம்பலூர் மாவட்டத்தின் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகையாகிய 5,65,223 பேரில் ஏறத்தாழ 31 சதவீதத்தினரும், அரியலூரின் 7,54,894 பேரில் ஏறத்தாழ 23 சதவீதத்தினரும் பட்டியல் வகுப்பினர். தலைவர் பதவி மக்கள் விகிதப்படி அவர்களுக்கும், 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பாதியளவு பெண்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. ஒதுக்கீட்டால் நாற்காலி கிடைத்த ஓர் ஆதிதிராவிடப் பெண்மணி, துணைத்தலைவர் கையொப்பமிட மறுத்துவிட்டால் என்ன செய்வார்? நீர்த்தேக்கத் தொட்டிக்கு மோட்டார் போடும் டேங்க் ஆபரேட்டருக்குச் சம்பளம் நின்றுபோகும், பழுதான மோட்டார் கழற்றிய இடத்திலேயே கிடக்கும், தெருவிளக்கு எரியாது, குடத்தோடு வரும் பெண்கள் துணைத்தலைவரைக் கேளாமல் தலைவரையே ஏசுவர். விவகாரம் முற்றியபின் ஆட்சியர் 203ஆம் பிரிவைக் கையாண்டு, கையொப்ப அதிகாரத்தை அலுவலரிடம் ஒப்படைப்பார். ஊரார் இதனைச் 'செக் பவரைப் பிடுங்கிட்டாங்க' என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடுவர். தவறு செய்தவரிடமிருந்து பிடுங்கப்பட்டதும், தவறு செய்யாதவரிடமிருந்து பிடுங்கப்பட்டதும் அவ்வாக்கியத்தில் ஒன்றாகவே ஒலிக்கும். மேற்பார்வை அதிகாரி இவ்விரண்டையும் பிரித்தறிந்து ஆணையிடுதல் அவருடைய கடமைகளுள் தலையாயது. காசோலையின் இடத்தில் இன்று பெரும்பாலும் மின்னணுக் கையொப்பம் வந்துவிட்டபோதிலும், இரண்டு கைகள் இசையவேண்டும் என்னும் நிலை மாறவில்லை.

இவ்விஷயத்தில் அரசின் அலட்சியம் எவ்வளவு கொடிய பலனைத் தரும் என்பதற்கு மதுரை மாவட்டம் மேலவளவு சாட்சி. பட்டியல் வகுப்பினர்க்கு ஒதுக்கப்பட்ட அவ்வூராட்சியின் தலைவராகத் தேர்ந்த முருகேசனும் உடன் சென்ற ஐவரும் 1997ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் வெட்டிக் கொல்லப்பட்டனர். அவ்வாறே ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் முதலிய ஊர்களில் 1996 முதல் பத்து ஆண்டுகள் முறையான தேர்தலே நடவாமல் இருந்து, அரசு விடாது முயன்றதன் பயனாக 2006ஆம் ஆண்டில்தான் நடந்தேறியது. மாநில அரசு 1997இல் அறிவித்துத் தொடங்கிய பெரியார் நினைவுச் சமத்துவபுரத் திட்டம், 100 வீடுகளில் ஆதிதிராவிடர்க்கு 40, பிற்பட்டோர்க்கு 25, மிகவும் பிற்பட்டோர்க்கு 25, ஏனையோர்க்கு 10 என ஒதுக்கி, எல்லாரையும் ஒரே தெருவில் குடியமர்த்த முயன்றது.

மேற்பார்வையின் மற்றொரு வடிவம், ஊரே தன்னை மேற்பார்த்துக்கொள்ளும் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு, மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகியவையும் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. முற்காலத்தில் தண்டோராவால் அறிவிப்பர். பறையடித்தல் ஒரு வகுப்பாரின் தலையில் கட்டப்பட்ட இழிவாயிருந்தமையால், தண்டோராவை 2022இல் அரசு தடை செய்தது. இன்று ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி தெருத்தெருவாகச் சென்று அழைக்கிறது. பள்ளி வளாகத்திலோ கோயில் மந்தை வேப்பமரத்தடியிலோ சாமியானாவின் கீழே வரவு செலவு எழுதிய பிளெக்ஸ் தட்டி நிற்கும். நூறு நாள் வேலைக்குச் செல்லும் பெண்கள் முன்வரிசையில் தரையில் அமர்ந்திருப்பர். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேரும், அதனின் மிக்கு 10,000 பேர் வரை உள்ளதற்கு 200 பேரும் வந்திருந்தாலன்றிக் கூட்டம் செல்லாது. ஊராட்சிச் செயலர் கணக்கை வாசிக்கும் வேகத்தில் பாதி எண்கள் காற்றில் போய்விடும். அப்பொழுது ஒரு மூதாட்டி எழுந்து, 'காலனித் தெரு பைப்புக்கு எவ்வளவுன்னு திரும்பப் படிங்க' என்று கேட்பாராயின், எந்தத் தணிக்கைக் குறிப்பாலும் செய்ய முடியாத காரியத்தை அக்கேள்வி செய்துவிடுகிறது. ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் ஆன செலவை இரு சாராரும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் செவியால் கேட்கும் சந்தர்ப்பம் ஆண்டில் வேறெங்கும் வாய்ப்பதில்லை.

தெரு என்பதும் ஸ்தல ஸ்தாபனத்தின் சொத்தே. ஆதலின் மத ஊர்வலம் பற்றிய தகராறு அதன் வாயிலிலேயே வந்து நிற்கிறது. பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்து வ.களத்தூரில், முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் தெருக்கள் வழியே 2011 வரை சென்று வந்த கோயில் ஊர்வலத்துக்கு 2012 முதல் ஆட்சேபம் எழுந்தது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தை அடைந்தபோது, நீதிபதிகள் என்.கிருபாகரனும் பி.வேல்முருகனும் 2021ஆம் ஆண்டில் அளித்த தீர்ப்பு, 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் 180-ஏ பிரிவை எடுத்துக்காட்டி, தெருக்களும் சாலைகளும் ஜாதி மத பேதமின்றி எல்லார்க்கும் பொதுவானவை என்றும், ஒரு மதத்தார் மிகுந்து வாழ்வதனால் மற்றவர் ஊர்வலத்தைத் தடுத்தல் ஆகாது என்றும் கூறியது. இந்நியாயம் எத்தரப்பார் மிகுந்து வாழும் தெருவுக்கும் ஒப்பப் பொருந்துவது. இதனை நாள்தோறும் நடைமுறையாக்கும் வேலை, வட்டாட்சியர் அலுவலக அமைதிப் பேச்சுவார்த்தையில் எதிரெதிர் நாற்காலிகளில் அமரும் ஊர்ப் பெரியவர்களையே சேர்ந்தது. வீரமாமுனிவரின் நினைவைத் தாங்கிய ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலும், கள்ளங்குறிச்சிக் கலியுக வரதராசப் பெருமாள் கோயிலும், லெப்பைக்குடிகாட்டுப் பள்ளிவாசல்களும் அடுத்தடுத்துள்ள இப்பிரதேசத்துக்கு அவ்வேலை அந்நியமானதன்று.

மேற்பார்வை தன் எல்லையைக் கடந்து ஆட்சியாகவே மாறிவிடும் காலங்களும் உண்டு. தமிழ்நாட்டில் 1970க்குப் பின் 1986இலும், அதற்குப் பின் 1996இலும்தான் ஊராட்சித் தேர்தல்கள் நடந்தன. 2011இல் தேர்ந்தவர்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தபின் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். தேர்ந்தெடுத்த மன்றங்கள் இல்லாமையால் மத்திய நிதிக்குழு மானியமும் தடைப்பட்டது. 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாட்களில் இரு மாவட்டங்களிலும் ஊரக வாக்கெடுப்பு நடந்தது. அவ்வாறு அமைந்த மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5ஆம் நாள் முடிவுற, ஊராட்சிகள் மீண்டும் தனி அலுவலர்களின் கைக்கு வந்தன. ஒன்றியத்துக்கு ஒருவராகக் கிராம ஊராட்சிப் பணிக்கென உள்ள வட்டார வளர்ச்சி அலுவலரே அப்பொறுப்பை வகிப்பவர். அவ்வாறாயின் பெரம்பலூரில் ஒருவருக்குச் சராசரி 30 ஊராட்சிகளும், அரியலூரில் 33க்கு மேற்பட்டனவும் ஆகின்றன. கிராம சபை அப்பொழுதும் கூடுகிறது. தீர்மானப் புத்தகத்தில் தலைவர் கையொப்பமிட்ட இடத்தில் அலுவலரின் முத்திரை விழுகிறது. காலனித் தெருக் குழாயைப் பற்றிக் கேட்ட மூதாட்டி, மறுநாள் காலையில் விவரம் விசாரிக்கத் தலைவர் வீட்டுத் திண்ணைக்கு நடந்து செல்ல முடியாமல், ஒன்றிய அலுவலகத்துக்குப் பேருந்து ஏற வேண்டியிருக்கிறது.