சுவரும் சித்திரமும்

சுவரை வைத்துக் கொண்டுதான் சித்திரம் எழுத வேண்டும் என்று நம் பாட்டிமார்கள் சொல்வது வழக்கம். அவர்கள் அதைச் சொன்னது உடம்பைப் பற்றி. பரீட்சைக்காக ராப்பகலாகக் கண் விழித்துப் படிக்கும் பிள்ளைக்கு ஒரு தம்ளர் பாலைக் கொடுத்து, அதனுடன் இந்தப் பழமொழியையும் சேர்த்துக் கொடுப்பார்கள். நான் இங்கே அந்தப் பழமொழியை அட்சரார்த்தமாகவே எடுத்துக் கொள்ளப் போகிறேன். சென்னைப் பட்டணத்தின் தெற்குக் கோடியில், இருந்த சுவரை இழந்துவிட்டு வந்த ஜனங்களுக்குப் புதுச் சுவர் கிடைத்தது. இருபது வருஷம் கழித்து அந்தச் சுவரில் சித்திரமும் ஏறியது. அதனால் அந்த ஜனங்களுக்கு ஏதாவது ஆயிற்றா, அல்லது சுவருக்கு மட்டும்தான் ஆயிற்றா என்பதே விசாரணை.

அந்த இடத்தின் பெயர் கண்ணகி நகர். பழைய மகாபலிபுரம் சாலையில், ஒக்கியம் துரைப்பாக்கத்தில் இருக்கிறது. கூவக் கரை, அடையாற்றுக் கரை, பக்கிங்காம் கால்வாய்க் கரை ஆகிய இடங்களில் குடிசை போட்டு வாழ்ந்தவர்களை அப்புறப்படுத்திக் குடியமர்த்துவதற்காக, 2000-ஆம் ஆண்டிலிருந்து குடிசை மாற்று வாரியம் இங்கே அடுக்கு வீடுகளைக் கட்டத் தொடங்கியது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அடித்த பிறகு கடலோரத்துக் குடும்பங்களும் வந்து சேர்ந்தன. வீடுகளின் எண்ணிக்கை 15,000-ஐத் தாண்டியது. முதலில் கட்டியவற்றில் பல வீடுகள் 200 சதுர அடிக்கும் குறைவானவை. பெரிய மனிதர் வீட்டில் கார் நிறுத்தும் இடம் அதைவிட விசாலமாக இருக்கும்.

பெயர் வைத்தவர் யாரோ, அவர் காவியம் படித்தவராகத்தான் இருக்க வேண்டும். பிறந்த ஊரை விட்டு வந்து, வந்த ஊரில் அநியாயம் நேர்ந்து, அரசனிடம் நியாயம் கேட்டவள் கண்ணகி. அவளுடைய சிலைக்கே பட்டணத்தில் நிலையான வாசம் கிடைக்கவில்லை! 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது கடற்கரையில் நிறுத்திய சிலையை 2001 டிசம்பரில் அப்புறப்படுத்தினார்கள். 2006 ஜூனில் திரும்பக் கொண்டு வந்து வைத்தார்கள். சிலைக்குத் திரும்பி வர வழி இருந்தது. கூவக் கரையிலிருந்து போனவர்களுக்கு அந்த வழி இல்லை.

அவர்கள் பார்த்த வேலையெல்லாம் பழைய இடத்தில் இருந்தது. வீட்டு வேலை செய்த அம்மாளுக்கு மயிலாப்பூரிலோ நுங்கம்பாக்கத்திலோ நாலு வீடு. மூட்டை தூக்கியவருக்குப் பட்டணத்து மார்க்கெட். பதினைந்து, இருபது கிலோ மீட்டர் பஸ்ஸில் போய் வந்தால் கூலியில் கால் பங்கு போய்விடும். இதெல்லாம் கூடக் கொஞ்ச காலத்தில் பழகிவிடும் கஷ்டங்கள். பழகாத கஷ்டம் ஒன்று இருந்தது. அதுதான் ஊர்ப் பெயர். வேலைக்கு மனுப் போடும் பையன் விலாசத்தில் ‘கண்ணகி நகர்’ என்று எழுதினால், எதிரே இருப்பவரின் முகம் மாறும். எங்கேயாவது திருட்டு நடந்தால் போலீஸ் ஜீப் முதலில் அங்கே போகும். அடுத்த சாலையிலேயே கண்ணாடி மாளிகைகளாகக் கம்ப்யூட்டர் கம்பெனிகள் நின்றன. அந்த மாளிகைகளைத் துடைத்துப் பெருக்க ஆள் வேண்டும். ஆனால் ஆள் எங்கிருந்து வருகிறான் என்று தெரியக் கூடாது. ஆகவே பலர் விலாசத்தில் ‘துரைப்பாக்கம்’ என்று மட்டும் எழுதக் கற்றுக் கொண்டார்கள்.

2020 ஜனவரியில் அங்கே ஏணிகளும், ஆளைத் தூக்கி நிறுத்தும் இயந்திரங்களும், வர்ண டப்பாக்களும் வந்து இறங்கின. 2015-இல் டில்லி லோதி காலனியில் அரசாங்க ஊழியர் குடியிருப்புச் சுவர்களைச் சித்திரக்கூடமாக மாற்றிய ‘ஸ்டார்ட் இந்தியா’ என்ற ஸ்தாபனம், ஏஷியன் பெயின்ட்ஸ் கம்பெனியின் துணையுடனும் மாநகராட்சியின் ஒத்துழைப்புடனும் இந்தக் காரியத்தை எடுத்துக் கொண்டது. அடுக்கு வீடுகளின் பக்கச் சுவர்கள் ஜன்னல் இல்லாமல் மொட்டையாக, மூன்று நான்கு மாடி உயரத்துக்கு நின்றன. ஓவியனுக்கு இதைவிட என்ன வேண்டும்? உள்நாட்டிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஓவியர்கள் வந்தார்கள். ‘ஏ-கில்’ என்ற புனைபெயர் பூண்ட சென்னை ஓவியர், குழந்தைகளின் சிரித்த முகங்களை மாடி உயரத்துக்கு எழுதினார். மற்றவர்கள் பறவை, பூ, கட்டங்கள், கோலங்கள் என்று தத்தம் மனோதர்மப்படி தீட்டினார்கள். மார்ச்சு மாதம் கொரோனா ஊரடங்கு வந்து எல்லோரையும் வீட்டுக்குள் தள்ளுவதற்குள், பட்டணத்துப் பத்திரிகைகள் கண்ணகி நகரைப் பற்றி வேறு பக்கத்தில் எழுதத் தொடங்கியிருந்தன. அதற்கு முன் அந்தப் பெயர் வந்ததெல்லாம் போலீஸ் செய்திகள் வரும் பக்கத்தில்.

இதைப் பார்த்துவிட்டு, “பூசி மெழுகுகிறார்கள்” என்று சொன்னவர்கள் உண்டு. குழாயில் தண்ணீர் சரியாக வரவில்லை, சாக்கடை அடைத்துக் கொண்டிருக்கிறது, வீடு புறாக்கூண்டு மாதிரி இருக்கிறது. இதற்கு நடுவில் சுவருக்கு என்ன சிங்காரம் வேண்டிக் கிடக்கிறது? கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்வதற்கு முன் கொஞ்சம் பின்னே போய்வர வேண்டியிருக்கிறது.

சுவரில் எழுதுவது தமிழனுக்குப் புதிதன்று. சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்று ஒரு பாண்டியனுக்கே பெயர். பரிபாடலில், திருப்பரங்குன்றத்துச் சித்திர மண்டபத்துக்குப் போகும் ஜனங்களைப் பற்றி ஓர் அருமையான இடம் வருகிறது. ‘இது யார், அது யார்?’ என்று ஒருவர் கேட்க, ‘இவன் மன்மதன், இவள் ரதி, இதோ பூனையாகிப் பதுங்குகிறவன் இந்திரன், இவள் அகலிகை’ என்று மற்றவர் விளக்குகிறார். எழுதியவன் பெயர் இல்லை. பார்த்தவர்களின் பேச்சு மட்டும் நமக்கு வந்திருக்கிறது. படம் யாருக்காக எழுதப்பட்டது என்பதில் அந்தப் புலவருக்குச் சந்தேகமே இல்லை. அப்புறம் சித்தன்னவாசல், காஞ்சிக் கைலாசநாதர் கோயில், தஞ்சைப் பெரிய கோயில். தஞ்சையில் கருவறையைச் சுற்றியுள்ள இருட்டுப் பாதையில் நாயக்கர் காலத்துச் சித்திரங்கள் இருந்தன. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி அவற்றின் அடியில் வேறொன்று இருப்பதைக் கண்டுபிடித்தார். மேல் பூச்சு உதிர்ந்த இடத்தில் ராஜராஜன் காலத்து முகங்கள் எட்டிப் பார்த்தன! அந்த மேல் பூச்சே ஐந்நூறு அறுநூறு வருஷம் பின்னால் வந்தது. ஒரு காலத்தார் எழுதியதன் மேல் மறு காலத்தார் எழுதுவது நம் வழக்கம்.

நம் காலத்தார் எழுதியது வேறு ரகம். பொது இடங்களை அலங்கோலப்படுத்தக் கூடாது என்று 1959-லேயே இங்கே சட்டம் வந்துவிட்டது. சட்டம் பாட்டுக்கு இருந்தது; சுவர் பாட்டுக்கு இருந்தது. கட்சிக்காரர்கள் தேர்தலுக்கு இரண்டு வருஷம் முன்பே சுண்ணாம்படித்துச் சுவரைப் ‘பிடித்து’ வைப்பார்கள். நான் இருக்கும் பருத்திப்பட்டிலிருந்து பூந்தமல்லி வரை பஸ்ஸில் போனால், ஒரு புஸ்தகம் படித்த பலன் உண்டு: சிமெண்டு, வீட்டு மனை, மூல வியாதி வைத்தியம், தலைவருக்குப் பிறந்த நாள், இன்னொருவருக்குக் கண்ணீர் அஞ்சலி. 2010-ஆம் ஆண்டு வாக்கில் மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டர்களைக் கிழித்துவிட்டு, கோயில், நாட்டியம், மாமல்லபுரம் என்று படங்கள் எழுத வைத்தது. எழுதியவர்களில் பலர் சினிமாவுக்கும் கட்சிகளுக்கும் பேனர் வரைந்து பிழைத்தவர்கள். பிளெக்ஸ் அச்சு வந்து அவர்களுடைய தூரிகையைப் பிடுங்கிக் கொண்டிருந்தது. சுவர் கொஞ்ச நாளைக்குச் சோறு போட்டது. அந்தப் படங்கள் அழகாயிருந்தனவா என்றால், சில இருந்தன. ஆனால் அவை சாலையில் போகிறவர்களுக்காக எழுதியவை. அந்தச் சுவருக்குப் பின்னால் யார் குடியிருக்கிறார்கள் என்பதைப் பற்றி அவற்றுக்குக் கவலை இல்லை. (சுவரோரம் ஒதுங்குகிறவர்களைத் தடுப்பதற்காக மூன்று மதத்துச் சாமிகளையும் வரிசையாக ஒட்டி வைக்கிறோமே, அதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.)

குடியிருப்பவனுக்காக எழுதிய சுவர் ஒன்று அமெரிக்காவில் இருந்தது. 1967 ஆகஸ்டில், சிகாகோவின் தென்பகுதியில், 43-ஆவது தெருவும் லாங்லி அவென்யூவும் கூடும் மூலையில், நகரசபை இடித்துத் தள்ளக் காத்திருந்த வட்டாரத்தில், ஒரு மதுக்கடைக் கட்டடம். வில்லியம் வாக்கர் முதலிய கறுப்பினக் கலைஞர்கள் அதன் சுவரில் தங்கள் வீரர்களை எழுதினார்கள். முகம்மது அலி, மால்கம் எக்ஸ், பாடகி நீனா சிமோன் என்று ஐம்பது பேர் வரை. மார்ட்டின் லூதர் கிங் அதில் இல்லை. வெளியார் யாரை மெச்சுகிறார்கள் என்பதைப் பார்க்காமல், தங்களுக்கு யார் வேண்டும் என்று தாங்களே முடிவு செய்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘மரியாதைச் சுவர்’. ஓவியர்களுக்குள் சண்டை வந்து சில மாதங்களிலேயே சில படங்களை அழித்து வேறு எழுதினார்கள். அதுவும் நல்லதுக்குத்தான், சண்டை போடுமளவுக்குச் சுவர் முக்கியமாயிருந்தது. 1971-இல் கட்டடத்தில் தீப்பிடித்தது, பிறகு இடித்துவிட்டார்கள். வட்டாரத்தைச் சித்திரம் காப்பாற்றவில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு டிட்ராயிட்டிலும் வேறு நகரங்களிலும் நூற்றுக்கணக்கான சுவர்களில் எழுதினார்கள். 1984-இல் பிலடெல்பியா நகரமே, சுவரில் கிறுக்கிய பையன்களைப் பிடித்து ஜெயிலுக்கு அனுப்புவதற்குப் பதிலாக, ஜேன் கோல்டன் என்ற ஓவியரிடம் ஒப்படைத்துப் படம் எழுத வைத்தது. இன்று அங்கே ஆயிரக்கணக்கான சுவர்ச் சித்திரங்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

இந்தத் தராசில் கண்ணகி நகரை நிறுத்துப் பார்த்தால், முள் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஓவியர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். கம்பெனிக்கு அது நல்ல விளம்பரம். வர்ணம் விற்கிறவருக்குச் சுவரைக் காட்டிலும் நல்ல விளம்பரப் பலகை ஏது? எந்தச் சுவரில் என்ன எழுதுவது என்பதைக் கடைசியாக முடிவு செய்யும் அதிகாரம் அந்தக் குடித்தனக்காரர்களிடம் இருக்கவில்லை. சிகாகோவின் மரியாதைச் சுவருக்கும் இதற்கும் இடையே இந்தத் தூரம் உண்டு. ஆனால் அந்தச் சிரித்த முகங்களை ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. பட்டணத்தில் மாடி உயரத்துக்கு முகம் எழுதுவது யாருக்கு? தலைவருக்கு, நட்சத்திரத்துக்கு, நகைக்கடை விளம்பரத்தில் வரும் பெண்மணிக்கு. குடிசை மாற்று வாரியத்து வீட்டுக் குழந்தையைப் போன்ற ஒரு குழந்தையின் முகம் அந்த உயரத்துக்கு ஏறுவது புது விஷயம். பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் காமிராவைத் தூக்கிக் கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். கண்ணகி நகர்க்காரர்களை யாரும் அதற்கு முன் அண்ணாந்து பார்த்ததில்லை.

இருந்தாலும் பூசி மெழுகும் குற்றச்சாட்டு நிற்கத்தான் செய்கிறது. இதற்கு எங்கள் பக்கத்து உதாரணம் ஒன்று சொல்லலாம். ஆவடி – பூந்தமல்லி சாலையோரம் பருத்திப்பட்டு ஏரி பல வருஷமாகச் சாக்கடை கலந்து, மூக்கைப் பிடித்துக் கொண்டு கடக்க வேண்டிய இடமாக இருந்தது. பிறகு கழிவுநீரைத் திருப்பி, சுத்திகரிக்க ஏற்பாடு செய்து, கரையைப் பலப்படுத்தி, நடைபாதை போட்டு, 2019-இல் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். சாயங்காலம் குழந்தை குட்டிகளோடு ஜனங்கள் வருகிறார்கள். சாக்கடையைத் தொடாமல் கரைச் சுவரில் மட்டும் தாமரையும் அன்னமும் எழுதியிருந்தால்? அன்னத்தைப் பார்க்க ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள். கண்ணகி நகரில் வேலை வரிசை மாறிப் போயிற்று. வீடு சிறியது, வேலை தூரம், தண்ணீருக்குத் தவம் என்ற புகார்களெல்லாம் சுவருக்குள்ளே இருக்க, வர்ணம் வெளியே முந்திக் கொண்டது. 2021-இல் வாரியத்தின் பெயரையே ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ என்று மாற்றினார்கள். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. வாழ்விடம் என்ற சொல்லுக்குள் 200 சதுர அடி எப்படி அடங்கும் என்று வாரியத்தார்தான் சொல்ல வேண்டும்.

பெயரைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அணியின் துணைத் தலைவி கார்த்திகா, கண்ணகி நகர்ப் பெண். பத்திரிகைகள் அந்தப் பெண்ணை வேறு விதமாக அழைக்கவில்லை. ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்றே எழுதின. திருவாரூர் தியாகராஜர், கும்பகோணம் வெற்றிலை என்பது போல, ஊர் முன்னே நின்றது. விலாசத்தில் மறைத்த பெயர் பட்டமாகிவிட்டது. இதைச் சாதித்தது சுவர்ச் சித்திரம் என்று சொன்னால் அந்தப் பெண்ணும், வெயிலில் நின்று சொல்லிக் கொடுத்த பயிற்சியாளரும் சண்டைக்கு வருவார்கள், வரவும் வேண்டும். சித்திரம் செய்தது இதைவிடச் சின்னக் காரியம். அந்தப் பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவர்களுக்கு, சுளிப்பதற்கு முன் நினைத்துக் கொள்ள வேறு ஏதோ ஒன்றைக் கொடுத்தது.

கடற்காற்றும் சென்னை வெயிலும் வர்ணத்துக்குச் சத்துருக்கள். தஞ்சையில் சுண்ணாம்புப் பூச்சும் இருட்டும் ஆயிரம் வருஷம் காப்பாற்றியதை, ஒக்கியம் துரைப்பாக்கத்து வெட்டவெளியில் எந்தக் கம்பெனி டப்பாவும் காப்பாற்றாது. என்றைக்காவது அந்தச் சுவர்களில் மறுபடி எழுதத்தான் வேண்டியிருக்கும். அதற்கு ஸ்பெயினிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ ஆள் வருவதை நான் ஆட்சேபிக்கவில்லை, நன்றாக வரட்டும். ஆனால் பேனர் வரைந்த பழைய கைகள் பட்டணத்தில் இன்னும் இருக்கின்றன. இருபதடி முகத்தைத் தரையில் நின்றபடியே மனத்தில் கட்டம் கட்டி, மேலே ஏறி எழுதத் தெரிந்தவர்கள் அவர்கள். ஒரு கோடை விடுமுறைக்கு அவர்களைக் கண்ணகி நகருக்கு வரவழைத்து, தூரிகையை அந்த ஊர்ப் பிள்ளைகள் கையில் கொடுத்து, யார் முகத்தை எழுதலாம் என்று கேட்கட்டும். நிச்சயம் சண்டை வரும். ஒரு கட்சிக்குக் கார்த்திகா. இன்னொரு கட்சிக்கு விஜய். மூன்றாவது மாடிப் பாட்டிக்கு மாரியம்மன்.